பிரிவினை என்னும் சொல்: ஓசூர் எல்லையினின்று ஒரு நோக்கு

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடைய குடும்ப நிலம் தொடர்பாக, ஓசூரில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர்முன் அமர்ந்திருக்கும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. நண்பருடன் பிறந்தோர் மூவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. தாயார் பிறந்த வழி கன்னடம். பத்திரமோ தமிழில் எழுதப்பெறவேண்டும். செய்தி முழுவதையும் கேட்டு முடித்த பெரியவர், தாளை எடுக்குமுன் ஒரே ஒரு வினாவை எழுப்பினார்: "ஐயா, இது பாகப்பிரிவினையா, விடுதலையா? முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்."

அவர் அரசியல் பேசவில்லை. பதிவு அலுவலக வழக்கில் இவை இருவேறு பத்திரங்களின் பெயர்கள். பங்காளிகள் அனைவரும் கூடி, தத்தமக்குரிய பாகத்தை அளந்து எடுத்துக்கொள்வது பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் தம் உரிமையை ஏனையோருக்கு விட்டுக்கொடுத்து விலகுவது விடுதலைப் பத்திரம். முன்னதில் அனைவரும் பெறுகின்றனர். பின்னதில் ஒருவர் வெளியேறுகின்றார். 1940-ஐ ஒட்டிய காலம் முதல் 1963 வரை தமிழக மேடைகளில் ஏறத்தாழ ஒருபொருட் கிளவிகளாக வழங்கிய இவ்விரு சொற்களும், அப்பெரியவர் வாயில் இத்துணைத் தெளிவாகப் பிரிந்து நின்றது நம்மை வியக்கவைத்தது. இக்கட்டுரை அவ்வியப்பிற் பிறந்தது எனலாம்.

பிரிவினை என்னும் சொல் இன்று நம் அரசியல் வழக்கில் மூன்று வேறு பொருள்களைச் சுமந்து நிற்கின்றது. ஒரு நாட்டைப் பங்கிட்டு இரண்டாக்குதல் ஒன்று. ஒரு நாட்டினின்று ஒரு பகுதி தானே விலகித் தனியரசாதல் மற்றொன்று. ஒரே நாட்டிற்குள் ஓர் ஊரோ வட்டமோ ஒரு மாநிலத்தை நீங்கி வேறு மாநிலத்திற் சேர்தல், அல்லது தானே தனி மாநிலமாதல் மூன்றாவது. முதலது உடன்பாட்டாலும் நிகழ்வது. இரண்டாவதைக் கோருதல் இந்தியச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மூன்றாவது அரசமைப்பே வழிவகுத்துத் தந்தது. இம்மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பதன் இடர்ப்பாட்டை வேறெங்கும்விட ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியிலேயே தெளிவாகக் காணலாம் என்பது நம் கருத்து. ஏனெனில் இம்மூன்று பொருள்களும் அந்நிலத்தைத் தொட்டுச் சென்றுள்ளன.

முதற்கண் சொல்லின் அமைப்பைக் காண்போம். பிரி என்னும் அடி தமிழில் தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். பிரிந்தான் என்பது தன்வினை. பிரித்தான் என்பது பிறவினை. பெயர்ச்சொற்களிலும் இவ்வேறுபாடு பெரிதும் காக்கப்படுகின்றது. பிரிவு என்பது பிரிந்ததைக் குறிக்கும். பிரிப்பு என்பது பிரித்ததைக் குறிக்கும். சேலம் மாவட்டத்தினின்று 1965-இல் தருமபுரி மாவட்டமும், தருமபுரியினின்று 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் அமைந்தபோது, மாவட்டம் 'பிரிக்கப்பட்டது' என்றே மக்கள் கூறினர். மாவட்டம் பிரிந்தது என்று கூறினாரிலர். செய்தவர் அரசு என்பது அவ்வினையின் வடிவிலேயே விளங்கிற்று. ஆனால் பிரிவினை என்னும் பெயரில் இத்தெளிவு இல்லை. பிரிந்தவர் செயலா, பிரித்தவர் செயலா என்பதைச் சொல் காட்டுவதில்லை. வினைமுதல் மறைந்த சொல் அது. அரசியலுக்கு இத்தகைய சொற்கள் மிக வாய்ப்பானவை, ஆராய்ச்சிக்கு வாய்ப்பற்றவை.

பழந்தமிழில் பிரிவு அகத்திணைச் சொல். பாலைக்குரிய உரிப்பொருள் அது. ஓதல், தூது, பகை, பொருள் முதலியன பற்றித் தலைவன் பிரிவதைத் தொல்காப்பியர் வகுத்துரைப்பர். பிரிவாற்றாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அகப்பிரிவின் இயல்பு, மீண்டு வருதலை எதிர்நோக்கியிருத்தல். கார்ப்பருவம் வரை எனக் காலம் குறிக்கப்பட்ட பிரிவு அது. பாகம் பிரித்த நிலம் அவ்வாறு மீள்வதில்லை. ஆகவே பிற்கால அரசியற் பிரிவினையை அகப்பிரிவோடு உறவுபடுத்திக் காட்டுவார் கூற்று, கேட்க இனிதாயினும் பொருந்துவதன்று. சொல்லின் உண்மையான தாய்வீடு வயலும் வீடும் கிணறுமே ஆகும். 1959-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று 'பாகப்பிரிவினை' என்னும் பெயர் தாங்கித் தமிழகமெங்கும் ஓடியபோது, தலைப்பிற்கு விளக்கம் வேண்டியவர் ஒருவரும் இரார்.

குடும்ப நிலத்தில் இச்சொல்லுக்கு இருந்த மதிப்பை நோக்குதல் வேண்டும். மிதாட்சர நெறியில், கூட்டுக் குடும்பத்துப் பங்காளி ஒருவர் பாகம் கேட்பது குற்றமன்று, உரிமை. ஏனையோர் இசையாவிடின் வழக்குமன்றம் சென்று பெறலாம். பாகம் கேட்டவரை ஊரார் கடிந்துகொள்ளலாம், தாய் அழலாம். ஆயினும் அவர் தமதல்லாததைக் கேட்டார் என்று எவரும் கூறார். மேலும், நல்ல பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் அனைத்தையும் துண்டிடுவதில்லை. கிணறு பொது, வரப்போரத்து வண்டிப்பாதை பொது. நம் நண்பர் பத்திரத்திலும் அப்பெரியவர் மிகுதியான நேரம் செலவிட்டது நால்வர் பாகத்தையும் எழுதுவதில் அன்று. பொதுவழியின் அகலத்தை எழுதுவதிலேதான்.

ஓசூர்ப் பகுதியில் இச்சொல்லின் குறைபாடு விளங்குதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. ஊரின் பெயரே கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும் தொடரின் மரூஉ. ஏனைய மூன்று மொழியினரும் பங்கிடுதலுக்கும் விலகிப்போதலுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்துள்ளனர். தெலுங்கில் நாட்டையோ மாநிலத்தையோ பங்கிடுதல் விபஜன, விலகுதல் வேர்பாட்டு. பின்னது தமிழ் வேறு, வேறுபாடு என்பவற்றுக்கு உறவானது. கன்னடத்தில் முன்னது விபஜனெ, பின்னது பிரத்யேகதெ. உருதுவில் முன்னது தக்ஸீம், பின்னது அலாஹிதகி. ஆந்திர மாநிலம் பிளவுண்டு 2014-இல் தெலங்கானா தோன்றிய காலை, தெலுங்குத் தாள்களில் இவ்வேறுபாடு நாள்தோறும் விளங்கிற்று. வேண்டியவர்கள் பிரத்யேக தெலங்கானா என்றனர். வேண்டாதார் அவர்களை வேர்பாட்டுவாதிகள் என்றனர். நாடாளுமன்றம் செய்ததை இருசாராரும் விபஜன என்றனர். வேண்டுவோர் சொல், வேண்டாதார் சொல், சட்டத்தின் சொல் என மூன்று சொற்கள். தமிழில் இம்மூவரும் பிரிவினை என்னும் ஒரே சொல்லுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

குடும்பச் சொல் நாட்டுச் சொல்லாக மாறிய காலம் எது? 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளே என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இலாகூரில் முசுலிம் லீக் தன் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டில் திருவாரூரில் நீதிக் கட்சியின் மாநாடு திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்றது. இவ்விரு கோரிக்கைகளையும் தமிழ்த் தாள்கள் ஒரே சொல்லால் குறித்தன. இம்மாற்றத்தின் நடுவில் நிற்பவர் ஓசூர் வட்டத்தவர் ஒருவர் என்பது கருதத்தக்கது.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தார். அக்காலத்து ஓசூர், சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. சில கல் தொலைவில் மைசூர் அரசரின் நாடு தொடங்கும். சேலமும் பாராமகாலும் 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியின் கைக்கு வந்தன. பாலாகாட்டு எனப்பட்ட ஓசூர்ப் பீடபூமியோ திப்பு வீழ்ந்த 1799-இன் பின்னரே வந்தது. ஆகவே அவர் பிறந்த மண், போரின் முடிவிற் கோடு கிழித்துப் பங்கிடப்பட்ட மண். ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி பயின்ற அவர்க்கு அக்கோட்டின் இருபுறமும் பழகிய இடங்களே.

1942 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரசுக் கட்சியைக் கொண்டு, முசுலிம் லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கலாம் என்று இராஜாஜி தீர்மானம் இயற்றச் செய்தார். அகில இந்தியக் காங்கிரசு அதனை மறுத்தது. அவர் அவ்வாண்டே காங்கிரசினின்று விலகினார். 1944 ஜூலையில் வெளிவந்த அவருடைய திட்டத்தை, பத்திரம் எழுதும் பெரியவருடைய கண்கொண்டு படித்தால் பல செய்திகள் புலனாகும். வடமேற்கிலும் வடகிழக்கிலும் முசுலிம்கள் பெரும்பான்மையாக உள்ள, ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் மாவட்டங்களை ஓர் ஆணையம் வரையறுக்கவேண்டும். அங்கு வாழும் அனைவரும் வாக்களித்து முடிவு செய்யவேண்டும். பிரிவதே முடிவாயின், பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு இருபாலும் உடன்படிக்கை வேண்டும். மக்கள் இடம்பெயர்தல் அவரவர் விருப்பப்படியே நிகழவேண்டும். பொதுக்கிணறும் பொதுவழியும் இங்கே நாட்டளவிற்கு விரிந்து நிற்பதைக் காண்கின்றோம். அத்துடன் இன்னொரு கூறும் அதில் உண்டு: எல்லையோர மாவட்டங்கள் எந்த நாட்டோடு சேர்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். எல்லையிற் பிறந்தவராதலால் இதனை எழுதினார் என்று காரணம் கற்பிக்க நாம் துணியோம். ஆயினும் தொரப்பள்ளியை நினையாமல் அக்கூற்றைக் கடந்து செல்ல நம்மால் இயலவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் காந்தியடிகளும் ஜின்னாவும் இத்திட்டத்தை அடியாகக் கொண்டு பம்பாயில் உரையாடினர், உரையாடல் முறிந்தது. முறிவிற்குக் காரணங்கள் பல. சொல்லாராய்ச்சியாளர்க்கு அவற்றுள் ஒன்று மிகச் சிறந்தது. இந்தியா பல உறுப்பினர் கொண்ட ஒரு குடும்பம், அதிற் சிலர் தனித்து வாழ விரும்புகின்றனர் என்ற அடிப்படையிலேயே பிரிவைக் காண்பதாகக் காந்தியடிகள் எழுதினார். ஜின்னாவோ இருவேறு தேசங்கள் என்ற அடிப்படையினின்று சற்றும் இறங்கவில்லை. பங்காளிகள் பாகம் பிரிப்பதா, அயலார் இருவர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது போதும் என்று விலகுவதா என்பதே வழக்கு. மூன்றாண்டு கழித்து நிகழ்ந்ததைத் தமிழில் இந்தியப் பிரிவினை என்றோம். குடும்பத்துச் சொல் நின்றது. குடும்பத்து இசைவும் பொதுவழியும் அச்சொல்லோடு உடன்வரவில்லை. 1947-இன் குருதி அச்சொல்லில் தோய்ந்தபின், அது பழைய பத்திரச் சொல்லாக மீள்வது அரிதாயிற்று.

திராவிட நாட்டுக் கோரிக்கையாளரும் இச்சொல்லைத் தமதாகவே கொண்டனர் என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. 1947 ஜூலை முதல் நாளைத் திராவிட நாடு பிரிவினை நாளாகக் கொண்டாடுமாறு பெரியார் வேண்டினார். அக்காலத்துப் பிரிவினை பழிச்சொல் அன்று. கொடியிலும் மாநாட்டுப் பந்தலிலும் எழுதத்தக்க சொல். நீதிக் கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாறியது 1944-இல் சேலத்தில். அன்று ஓசூர் அம்மாவட்டத்தின் ஒரு வட்டம். 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகமும் அக்கோரிக்கையைத் தொடர்ந்தது. 1962 மே மாதத்தில் மாநிலங்களவையில் அண்ணா நிகழ்த்திய முதற் பேச்சு ஆங்கிலத்தில் அமைந்தது. தாம் வேண்டும் விலகல், பாக்கித்தானைத் தந்த பங்கீட்டினின்று முற்றும் வேறானது என்று அங்கே அவர் பிரித்துரைத்தார். ஆங்கிலம் இரு சொற்களை அவர் கையில் தந்தமையால் அது எளிதாயிற்று. அதே வேறுபாட்டைக் காஞ்சிபுரத்து மேடையிற் கூறவேண்டின், இந்தப் பிரிவினை வேறு அந்தப் பிரிவினை வேறு என்று விளக்கவுரை எழுதிச் செல்லவேண்டியிருக்கும். விடுதலை, தனிநாடு, சுயநிர்ணய உரிமை முதலிய சொற்கள் மேடைகளில் மேன்மேலும் பெருகியமைக்கு இவ்விடர்ப்பாடும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். 1961-இல் கழகத்தினின்று விலகித் தமிழ்த் தேசியக் கட்சி கண்ட ஈ. வெ. கி. சம்பத்து, பிரிந்துபோகும் உரிமையைப் பேசினார். தன்வினை வடிவம் அங்கே ஒளிவுமறைவின்றி நிற்பதைக் காண்க. நம் நோக்கில் இவையனைத்தினும் தெளிவான தொடர் அதுவே.

இனி ஓசூரை நிலப்படத்தில் வைத்து நோக்கினால் ஒரு புதிர் தோன்றும். தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள நிலங்கள் நான்கும் சேர்ந்ததாகக் கருதப்பட்ட திராவிட நாடு அமைந்திருப்பின், ஓசூர் அதன் எல்லையில் இருந்திராது. உள்நாட்டில், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட பெருவழியிற் கிடந்திருக்கும். அதாவது, பிரிவினை எனப்பட்ட கோரிக்கை ஓசூரின் எல்லைக்கோட்டை அழித்திருக்கும். ஒருங்கிணைப்பு எனப்பட்ட 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்போ அக்கோட்டை மொழியின் பெயரால் உறுதிப்படுத்திற்று. இதனால் எதன்மேலும் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை; எல்லையில் நிற்பவனுக்குச் சொற்கள் தலைகீழாய்த் தோன்றும் என்பதை மட்டும் சுட்டுகின்றோம். 1956-இன் பின்னர்ப் பெரியாரே திராவிட நாட்டை விடுத்துத் தமிழ்நாடு தனியாதலை முன்வைத்தமை, மொழிவழி மாநிலங்கள் பழைய கோரிக்கையின் அடித்தளத்தை எவ்வளவு பெயர்த்துவிட்டன என்பதற்குச் சான்று.

மாநிலச் சீரமைப்பில் இப்பகுதி எளிதில் தீர்ந்த வழக்கன்று. ஓசூர் வட்டத்தின்மீது கன்னடத் தரப்பாரும் உரிமை கூறினர். அவர்கள் தம் இயக்கத்திற்கு இட்ட பெயர் ஏகீகரணம். ஒன்றாக்குதல் என்பது பொருள். அதே செயலை இப்புறத்தார் தம் நிலத்தைப் பிரிக்கும் முயற்சி என்றனர். ஒரே வட்டம், ஒரே மாற்றம். ஒருபுறம் இணைப்பு, மறுபுறம் பிரிவினை. கோவை மாவட்டத்தின் கொள்ளேகாலம் மைசூருக்குச் சென்றது. ஓசூர் சென்னையோடு நின்றது. பின்னர் 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திர எல்லை திருத்தப்பட்டபோது, திருத்தணி தமிழகத்திற்கு வந்தது; அதற்கு மாற்றாகச் செங்கற்பட்டு மாவட்டப் பகுதிகளோடு சேலம் மாவட்டத்தின் சிறுபகுதியும் ஆந்திரத்திற்குச் சென்றது. இக்கொடுக்கல் வாங்கலை எவரும் நாட்டுத் துரோகம் என்றாரில்லை. என்ன முகாந்தரமும் இல்லை. அரசமைப்பின் 3-ஆம் உறுப்பு, ஒரு மாநிலத்தினின்று நிலப்பகுதியைப் பிரித்துப் புது மாநிலம் ஆக்கவும், ஒன்றன் பகுதியை மற்றொன்றோடு சேர்க்கவும் நாடாளுமன்றத்திற்கு வெளிப்படையாகவே அதிகாரம் தருகின்றது.

இவ்விடத்து 1963-ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தை ஊன்றி நோக்கவேண்டும். சி. பி. இராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழு பரிந்துரைக்க, பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமையையும் காக்கும்பொருட்டு வரையறுக்க அத்திருத்தம் வழிசெய்தது. தேர்தலில் நிற்போரும் உறுப்பினராவோரும் அவற்றைப் போற்றுவதாக உறுதிமொழி ஏற்கவேண்டும் என்றும் விதித்தது. அக்டோபர் 5-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதன் பெயர் பிரிவினைத் தடைச் சட்டம். எனினும் அத்திருத்தம் அரசமைப்பிற் சேர்த்த சொற்களில் பிரிவினை என்பதற்கு நேரான சொல்லே இல்லை. இறையாண்மை, ஒருமை என்னும் உடன்பாட்டுச் சொற்களே உள்ளன. பிரித்தல் என்னும் சொல் அரசமைப்பில் வருமிடம் மேற்காட்டிய 3-ஆம் உறுப்பு. அங்கோ அது ஆகுமென்று கூறப்பட்ட செயல். இவ்வாறு, அரசமைப்பு தடுக்காத சொல்லைத் தடுக்கப்பட்டதன் பெயராக நாம் சூட்டிக்கொண்டோம்.

விலகலுக்குச் சட்டம் பொருள் வரையறை தந்தது 1967-இல்தான். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், இந்திய நிலத்தின் ஒரு பகுதி ஒன்றியத்தினின்று விலகுதல் என்பதில், அப்பகுதி இந்தியாவில் தொடர்வதா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமை தமக்குண்டு எனக் கோருவதையும் அடக்கியது. இவ்வரையறை மிக அகலமானது. அகலமானதாயினும் அது பேசுவது இந்தியாவினின்று விலகுவதையே. ஒரு மாநிலத்தினின்று இன்னொன்றுக்கு மாறுவதை அன்று. ஆதலின் ஓசூரைக் கருநாடகத்தோடு சேர்க்கவேண்டுமென்று அத்திப்பள்ளியில் வாட்டாள் நாகராஜ் போன்றோர் அவ்வப்போது நடத்தும் போராட்டம் பிழையான கோரிக்கை என்று ஒருவர் கருதலாம். நாமும் அவ்வாறே கருதுகின்றோம். ஆனால் மேடைகளில் வழங்குவதுபோல் அதனைப் பிரிவினைவாதம் என்பது சட்டத்திற்கும் பொருந்தாது, தமிழுக்கும் பொருந்தாது. எல்லை மாற்றக் கோரிக்கை என்பதே அதன் பெயர்.

1962 அக்டோபரிற் சீனப் படையெடுப்பு நிகழ்ந்ததும் அண்ணா கோரிக்கையை நிறுத்திவைத்தார். 1963 நவம்பரில் கழகம் தன் விதியையே மாற்றி, அரசமைப்புக்கு உட்பட்டுத் தென்மாநிலங்கள் நான்கிற்கும் இயன்ற அளவு மிகுதியான அதிகாரம் வேண்டும் என்று கொண்டது. கோரிக்கை விடப்பட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்ற கருத்தை அண்ணா பின்னரும் மறைத்தாரில்லை. சொல்லின் வரலாற்றில் அவ்வாண்டு ஒரு நீர்பிரி மேடு. அதற்கு முன் பிரிவினை, வேண்டுவார் சொல். அதன்பின் அது குற்றஞ்சாட்டுவார் சொல். வாதி என்னும் ஈறு பெற்றுப் பிரிவினைவாதி எனத் திரிந்தபின் தம்மைத்தாமே அப்பெயரால் அழைப்பார் அரியர். எவரும் தமக்குச் சூட்டிக்கொள்ளாத பெயரை எவர்மேலும் சூட்டலாம். மறுப்பவர்க்குச் சொல் துணைநில்லாது.

2021-ஆம் ஆண்டு இதனை நன்கு காட்டிற்று. அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசு மத்திய அரசு என்பதை விடுத்து ஒன்றிய அரசு என வழங்கத் தொடங்கியது. அதிற் பிரிவினை தொனிக்கின்றது என்றனர் ஒரு சாரார். அரசமைப்பின் முதல் உறுப்பே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கின்றது என விடையிறுக்கப்பட்டது. ஜூலையில் கொங்கு நாடு என்ற பெயர் ஒரு குறிப்பில் இடம்பெற, தமிழகத்தைத் துண்டாடும் பிரிவினை என்று மறுசாரார் எழுந்தனர். இரு திங்களுக்குள் ஒரே சொல் இருபுறமும் பந்தாடப்பட்டது. ஒன்று பெயர் வழக்கு. மற்றொன்று, கோரிக்கையாகவே இருப்பினும், 3-ஆம் உறுப்பின் பாற்படுவது. இரண்டும் உண்மையில் பிரிவினை அல்ல.

கடல் கடந்தும் இச்சிக்கல் உண்டு. இலங்கையில் 1976-ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசைக் கோரியது. 1983-இல் அந்நாட்டு அரசமைப்பின் ஆறாம் திருத்தம் அக்கோரிக்கையைத் தடுத்தது. பின்னாளில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தன் விதிகளில் சமஷ்டி என்றிருந்த வடசொல்லை நீக்கி இணைப்பாட்சி எனத் தமிழாக்கியது. அச்சொல் மாற்றமே தனிநாட்டு நோக்கத்திற்குச் சான்று என ஒருவர் வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி கோருதல் தனிநாடு கோருதல் ஆகாது என்று 2017 ஆகஸ்டில் இலங்கை உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தமிழாக்கத்தின் பொருட்டுக் கட்சியொன்று நாட்டின் உயர்ந்த மன்றத்தின்முன் நிற்க நேர்ந்ததை எண்ணுங்கால், கலைச்சொல் ஆக்கத்தை ஓய்வுநேரப் பணியாகக் கருதும் நம் துறையார் சிலர்மீது நமக்குச் சிறிது வருத்தம் உண்டாகின்றது.

மீண்டும் ஓசூருக்கு வருவோம். 1956-இல் நிலைத்த கோடே இவ்வூரின் தொழில்வளத்திற்கும் காரணமாயிற்று. பெங்களூரின் வாயிலில் தமிழகத்திற்கு நிலம் இருந்தமையாலேயே, 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலியன 1980-களில் அங்கு வளர்ந்தன. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. எல்லையின் இருபுறமும் நாள்தோறும் பல்லாயிரவர் வேலைக்குக் கடக்கின்றனர். அவர்களுக்கு அக்கோடு வரப்பு; வண்டிப்பாதை பொது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது அப்பாதை அடைபட்டது. பேருந்துகள் இப்புறமும் அப்புறமும் நின்றுவிட, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்து கடந்தனர். அந்நாள்களில் அங்கு யாரும் பிரிவினை கோரவில்லை; ஆயினும் 1947-இன் நிழற்படங்களைக் கண்டவர்க்கு அக்காட்சி அயலாய்த் தோன்றியிராது.

அரசியல் எழுத்தில் இனியேனும் இச்சொற்களை வேறுபடுத்தி வழங்குதல் நன்று. நாட்டைப் பங்கிட்டதற்குப் பிரிவினை என்பதை நிறுத்திக்கொள்ளலாம், அது வேரூன்றிவிட்டது. ஒரு பகுதி தானே விலகுவதற்குப் பிரிந்துபோதல் என்னும் தன்வினைச் சொல் போதும். விலகல் எனினும் அமையும். மாநிலங்களுக்குள் நிகழ்வதை மாநிலப் பிரிப்பு என்றோ எல்லை மாற்றம் என்றோ கூறலாம். பிரிவினைவாதி என்பதை மேற்கோட் குறிக்குள் மட்டும் ஆளுதல் ஆராய்ச்சிக்கு ஏற்றது. இது புதுச்சொற் படைப்பன்று. பத்திர எழுத்தர் இன்றும் கைவிடாத வேறுபாட்டை அரசியல் நடைக்கு மீட்டல் மட்டுமே.

2024 ஜூனில் நாடாளுமன்றத்தில் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றபோது, கிருஷ்ணகிரித் தொகுதியினின்று சென்ற கே. கோபிநாத் தம் உறுதிமொழியைத் தெலுங்கில் எடுத்துக்கொண்டார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமையையும் போற்றுவேன் என்று அவ்வுறுதிமொழியில் உள்ள தொடர், தமிழ்நாட்டுக் கோரிக்கை ஒன்றை மனத்திற்கொண்டு 1963-இல் அதிற் சேர்க்கப்பட்டதே.